அகல டயர் என்னும் மூடநம்பிக்கை

கோவையிலோ சென்னையிலோ ஜீப் அலங்காரக் கடை ஒன்றுக்குள் புது மகிந்திரா தார் வண்டியோடு நுழைகிறவருக்குக் கிடைக்கும் யோசனை அநேகமாக ஒன்றுதான். கம்பெனி டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு 33 அங்குல மட் டயர் மாட்டுங்கள். எவ்வளவு அகலம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. அது பாடியில் உரசும், ஆகவே வண்டியை இரண்டு அங்குலம் தூக்குங்கள். முன்னால் இரும்பு பம்பர், அதன் வயிற்றில் விஞ்ச், கூரையில் வரிசையாக விளக்கு. எல்லாம் வெளிநாட்டுப் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரவேண்டும். பில் லட்சங்களில் போகும். வாங்கியவர் அடுத்த ஞாயிறு ஏதாவது குளத்து வண்டலில் இறங்கி, அச்சு வரை புதைந்து, டிராக்டர் வரக் காத்திருப்பார். அப்போதும் அவருக்குத் தோன்றுவது, 35 அங்குலம் போட்டிருக்கலாமே என்பதுதான்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காட்டுப் பாதையில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்களே இதைத்தான் ஓதுகிறார்கள். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு என்பது அவர்கள் வேதம். அந்த வேதத்துக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு: உள்ளூர்ப் பட்டறையில் வெட்டி, வளைத்து, பற்றவைத்த பாகம் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை, காசுள்ளவன் அதைத் தொடமாட்டான். இரண்டுமே தவறு. இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறந்த தவறு: தரையையும் சுமையையும் கணக்குப் போடாமல், வண்டி நிற்கும் தோரணையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது.

கொழுக்குமலையைப் பாருங்கள். தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கமிருந்து ஏறுகிறது. ஏழாயிரம் அடிக்கும் மேலே தேயிலை. பாதை என்று சொல்வது மரியாதைக்காக. உள்ளபடி அது பாறையும் உருண்டைக் கல்லும் மழை அறுத்த பள்ளமும்தான். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் அதில் ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவை பழைய மகிந்திரா ஜீப்புகள். அவற்றின் கால்களில் இருப்பது மெலிந்த டயர். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளின் கதையும் அதுவே. அலங்காரக் கடையில் காட்டினால் ‘சைக்கிள் டயர்’ என்று சிரிப்பார்கள்.

‘அவர்களுக்கு வசதியில்லை, அதனால் சின்ன டயர்’ என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். இது தலைகீழான பதில். டயர் கிழிந்தால் அன்றைய வருமானம் போய்விடும் என்ற நிலையில் உள்ளவர்தான் டயரைப் பற்றி அதிகம் யோசிப்பார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. அகலமான டயர் உண்மையிலேயே அந்தக் கல்லில் கூடுதலாக ஏறுமென்றால், தினமும் அதில் பிழைக்கிறவர்கள் கடன் வாங்கியாவது அதை மாட்டியிருப்பார்கள்.

சரி, அனுபவத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குக்கே வருவோம். தரையில் டயர் பதியும் பரப்பை அதன் அகலம் தீர்மானிக்கிறது என்று நினைப்பது இயல்பு. தீர்மானிப்பவை சுமையும் உள்ளே அடைத்த காற்றின் அழுத்தமும். 1,800 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் சுமார் 450 கிலோ. 32 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் 200 சதுர சென்டிமீட்டர். டயர் ஆறு அங்குல அகலமானாலும் பன்னிரண்டு அங்குலமானாலும் இந்த 200 பெரிதாக மாறாது. பக்கச்சுவரின் விறைப்பு சுமையில் கொஞ்சம் பங்கெடுத்துக் கணக்கைச் சற்றே அசைக்கும், அவ்வளவுதான். இப்போது காற்றைப் பாதியாக, 16க்கு இறக்குங்கள். பரப்பு 400 ஆகிவிட்டது. லட்ச ரூபாய் டயர் செய்யாததை, வால்வு முனையில் குத்திய ஒரு குச்சி செய்துவிட்டது.

அகலம் மாற்றுவது பரப்பின் வடிவத்தை. அகல டயரின் பதிவு குட்டையாகக் குறுக்கே விரிந்திருக்கும். மெலிந்த, உயரமான டயரின் பதிவு வண்டி போகும் திசையில் நீண்டிருக்கும். இளகிய மண்ணில் ஒவ்வொரு சக்கரமும் தனக்கு முன்னால் உள்ள மண்ணை அமுக்கி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டேதான் நகர்கிறது. வாய்க்கால் அகலமானால் அமுக்க வேண்டிய மண்ணும் அதிகம். இன்ஜினின் சக்தி அதிலேயே கரையும். பரப்பு ஒன்றேயானாலும் நீளமாகப் பதிவது சிக்கனம், அகலமாகப் பதிவது செலவு. இதைச் சமன்பாடாக எழுதி வைத்தவர் போலந்தில் பிறந்த மெய்ச்சிஸ்வாஃப் பெக்கர். மண்ணின் மேல் வண்டிகள் நகர்வது பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் 1956இல் வந்தது. பிறகு நிலவில் ஓடிய அப்பல்லோ வண்டியின் வடிவமைப்பிலும் அவர் பங்கு பெற்றார். டாங்கியின் சங்கிலித் தடம் ஏன் நீளமாக இருக்கிறது, ஏன் சதுரமாக இல்லை என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில்தான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதியில் செம்மண்ணுக்கு ஓரடி ஒன்றரை அடி கீழே கல்லோ கெட்டித் தரையோ இருக்கிறது. மழைக்காலத்தில் மேலே குழம்பு, அடியில் உறுதி. மெலிந்த டயர் குழம்பை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். அகல டயர் குழம்பின் மேலேயே வழுக்கி மிதக்கும். திருப்பினால் வண்டி திரும்பாது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் வேறு கதை. நனைந்த கரிசல் டயரின் பல்லிடுக்குகளில் அப்பிக்கொண்டால் எந்த விலை டயரும் வழவழப்பான உருளைதான். அங்கே உதவுவது பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதில் அப்பியதை உதறித் தள்ளும் சுழற்சி. அகலத்துக்கு அங்கேயும் பெரிய வேலை இல்லை. சேர்த்துக்கொள்ளும் மண் மட்டும் கூடும்.

அகல டயருக்கே இடமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஐஸ்லாந்துக்காரர்கள் 38 அங்குலத்திலிருந்து 44 அங்குலம் வரை உயரமுள்ள பருத்த டயர்களைப் போட்டுப் பனியாறுகளின் மேல் ஓட்டுகிறார்கள். அங்கே அடித்தரை என்று ஒன்று எட்டும் ஆழத்தில் இல்லை. பனியின் மேல் மிதந்தே ஆகவேண்டும். அதனால் காற்றை இரண்டு மூன்று பிஎஸ்ஐ வரைகூட இறக்கிவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது, அவ்வளவு பெரிய டயரை அவர்கள் மாட்டுவதே அவ்வளவு குறைந்த காற்றில் ஓட்டுவதற்காக. உள்ளே பெரிய கொள்ளளவு இருந்தால்தான் அந்த அழுத்தத்தில் ரிம் தரையைத் தொடாமல் வண்டி நிற்கும். அதே படத்தைப் பார்த்துவிட்டு 33 அங்குல டயரை மாட்டி, 35 பிஎஸ்ஐ அடைத்துக்கொண்டு வால்பாறை ஏறுகிறவர் ஐஸ்லாந்திலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.

உயரத்துக்கும் இப்படி ஒரு மயக்கம் உண்டு. தார் வண்டியில் கம்பெனி தரும் 255/65 ஆர்18 டயர் ஏறத்தாழ 31 அங்குல உயரம். 33க்குப் போனால் இரண்டு அங்குலம் கூடியதாகப் பேச்சு. ஆனால் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. அது உயர்வது ஓர் அங்குலம்தான். அந்த ஓர் அங்குலத்துக்கு வண்டி கொடுக்கும் விலை நீளமானது. சக்கரம் பெரிதானதால் கியர் விகிதம் ஆறு சதவீதம் தளர்கிறது. செங்குத்தில் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் வண்டி மூச்சு வாங்கும். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 85இல் போய்க்கொண்டிருக்கும். டயர் ஒவ்வொன்றும் பல கிலோ கூடுதல் எடை. அதை உருட்டவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். பிரேக்கோ பழைய பிரேக்தான். வீல் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் முனைகள் எல்லாம் சிறிய டயருக்காகக் கணக்குப் போட்டுச் செய்தவை. ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் அந்தச் சுமை இன்னும் தூரத்திலிருந்து நெம்பும். ஐஸ்லாந்துக்காரர்கள் பெரிய டயரோடு நிறுத்துவதில்லை. கிரவுன் பினியனை மாற்றி, வீல் ஆர்ச்சை வெட்டி, அச்சையும் பலப்படுத்துகிறார்கள். நம் கடைகளில் டயரோடு பில் முடிந்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கு மேல் உருவான வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. அதாவது சுமார் ஆறு அங்குல அகலம். பர்மாவின் சேற்றிலும் இத்தாலியின் மலைகளிலும் உழன்றது அதுதான். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் உழைக்கும் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையின் வேலைக்கார வண்டிகள் நீண்ட காலம் 7.50 ஆர்16 டயரோடு வந்தன. பிறகு அதே அளவுக்கு நெருங்கிய 225/95 ஆர்16. சுசுகி 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு விட்ட ஐந்து கதவு ஜிம்னிக்கு 195/80 ஆர்15 மாட்டியது. சுமார் 1,200 கிலோ எடையுள்ள வண்டிக்கு அது யோசித்துப் போட்ட டயர். வாங்கியவர்களில் எத்தனையோ பேர் ஷோரூம் வாசலைத் தாண்டியதும் செய்த முதல் வேலை அதைக் கழற்றியது.

டயர் தேர்வு எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள யாரும் அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்ட வேண்டியதில்லை. நாமக்கல்லுக்குப் போய் எந்த லாரி உரிமையாளரிடமும் கேட்கலாம். முன்சக்கரத்துக்கு நேர்க்கோடுகள் ஓடும் ரிப் டயர், ஏனென்றால் அது வழிகாட்ட வேண்டும். இழுக்கும் அச்சுக்குப் பல் போட்ட லக் டயர். கல்குவாரியில் ஓடும் டிப்பருக்கு வெட்டுத் தாங்கும் தடித்த ரப்பர். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அதைப் போட்டால் சூடேறி வீணாகும். ரீட்ரெட் செய்த டயரைப் பின்னால் ஓட்டலாம், முன்னால் மாட்டக் கூடாது. ஒரே வண்டியில் அச்சுக்கு அச்சு டயர் மாறுகிறது, காரணம் வேலை மாறுகிறது. கிலோமீட்டருக்கு எத்தனை பைசா தேய்கிறது என்று கணக்கு எழுதுகிற இந்த மனிதர்களிடம், அகலமா இருந்தா கெத்தா இருக்கும் என்று சொல்லி ஒரு டயரையும் விற்க முடியாது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் டயரின் பக்கச்சுவரே பாதி சொல்லிவிடும். சுமைக் குறியீடு 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எல்டி என்று போட்டது சரக்கு வண்டிக்கான கட்டுமானம். பக்கச்சுவர் கல்லில் உரசினாலும் எளிதில் கிழியாது, ஆனால் அதே சுமைக்குக் கார் டயரைவிடக் கூடுதல் காற்று கேட்கும். நான்கு இலக்கத்தில் உற்பத்தி வாரமும் ஆண்டும் இருக்கும்: 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வேகக் குறியீட்டையும் பார்க்கலாம். பல மட் டயர்களில் அது க்யூ, அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர் உச்சம். இவற்றில் ஒன்றைக்கூடப் படிக்காமல், பல்லின் முரட்டுத்தனத்தைப் பார்த்து மட்டும் டயர் வாங்குகிறார்கள். வண்டி ஓடுவதோ நூற்றுக்குத் தொண்ணூறு நாள் தார்ச்சாலையில். மழையில் நனைந்த தாரில் மட் டயரின் பெரிய கட்டிகளுக்கு நடுவே ரப்பர் குறைவு, நீரை வெட்டும் மெல்லிய கீறல்களும் குறைவு; பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். ஆல் டெரெய்ன் டயர் என்ற நடுவழி இருப்பதே இதற்காகத்தான்.

இனி பட்டறைக்கு வருவோம்.

1920களில் கெய்ரோவில் பணியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட், விடுமுறைகளில் சாதாரண ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். நான்கு சக்கர இயக்கம் கிடையாது. ரேடியேட்டர் கொதித்து நீர் ஆவியாகப் போவதுதான் பாலைவனத்தில் சாவு. அவர் செய்தது, ரேடியேட்டரின் உபரிக் குழாயைப் பாதி நீர் நிரப்பிய ஒரு தகரடப்பாவுக்குள் விட்டது. ஆவி அதில் குளிர்ந்து நீராகும். இன்ஜின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம் அந்த நீரை மீண்டும் ரேடியேட்டருக்கே உறிஞ்சிக்கொள்ளும். இன்று பல கார்களிலும் உள்ள கூலன்ட் டப்பா இதே வேலையைத்தான் செய்கிறது. மணலில் புதைந்தால் சக்கரத்தின் அடியில் செருக, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்த எஃகு வாரைகளை எடுத்துக்கொண்டார். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் கூரை போடச் செய்தவை அவை. மணலுக்குத் தகுந்தபடி டயரில் காற்றையும் இறக்கினார். 1940இல் அவர் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படை ஓட்டிய ஷெவ்ரோலே லாரிகளில் பெரும்பாலானவை இரண்டு சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றுக்குப் பருத்த மணல் டயர்கள்தான், ஏனென்றால் தரை மணல். இன்று பளபளக்கும் நிறத்தில் கடையில் தொங்கும் மணல் பலகைகளின் பூர்வீகம் ஒரு காயலான் கடை என்பதை அந்த விலைச்சீட்டைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது.

பட்டறைப் பாகம் என்றால் முகம் சுளிக்கும் தமிழ் ரசிகருக்கு இன்னும் அருகிலேயே பதில் இருக்கிறது. கரூரில் கட்டிய பேருந்துகளில்தான் தென்னிந்தியா ஊர் போய்ச் சேர்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் உருவாகும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் மட்டுமல்ல, ஆப்பிரிக்க நாடுகளிலும் பாறையைத் துளைக்கின்றன. சாலையில்லாத கொல்லைக்குள் டன் கணக்கில் எடையோடு இறங்கி, கம்பிரசர் அதிர அதிர வேலை பார்த்து, ஏறி வரும் வண்டி அது. அதைக் கட்டுகிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் மாட்டும் தகட்டுக்காகக் கப்பலை எதிர்பார்ப்பது வேடிக்கை.

அந்தத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்கிட் பிளேட் என்பது இன்ஜின் எண்ணெய்த் தொட்டியையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கல்லிலிருந்து காக்கும் கவசம். கடையில் வருவது பெரும்பாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் தகடு, மேலே நல்ல பெயின்ட். தட்டையான தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது: 3 மி.மீ.க்கும் 6 மி.மீ.க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. எடையோ இரண்டே மடங்கு, 6 மி.மீ. எம்.எஸ். தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. ஐ.எஸ். 2062 தரத் தகடு எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அட்டையில் வெட்டி வண்டியின் அடியில் வைத்துப் பார்த்து, எங்கே நட்டு இருக்கிறது, எங்கே எண்ணெய் வடிக்கும் மூடி இருக்கிறது என்று குறித்து, லேசர் கட்டிங்கில் கொடுத்து, பிரேக் பிரஸ்ஸில் விளிம்பை மடக்கினால் போதும். மடிப்புகள் வந்தபின் 5 மி.மீ. தகடே பல வண்டிகளுக்குத் தாராளம். எண்ணெய் மாற்றக் கழற்றத் தேவையில்லாத துளை, சேறு வெளியேற வழி, கல்லில் மாட்டாத மாதிரி உள்ளே அமிழ்ந்த போல்ட் தலைகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொள்ளலாம். பொது அச்சில் வார்த்த கேட்லாக் தகட்டில் இத்தனையும் அமைவது அபூர்வம்.

ராக் ஸ்லைடருக்கும் இதே நியாயம். கதவுக்கு அடியில் பாறை இடித்து பாடி நசுங்காமல் இருக்க, சேஸிஸிலிருந்து புறப்பட்டு நிற்கும் குழாய் அது. வண்டியின் மொத்த எடையும் ஒரு கணம் அதன் மேல் உட்காரும். மெல்லிய அலங்காரக் குழாயில் செய்து கால்மிதி என்று விற்பதை அதே வேலைக்கு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் முதல் பாறையிலேயே தெரிந்துகொள்வார்கள். கனமான சீம்லெஸ் குழாயில், நல்ல வெல்டரிடம், ஈரமில்லாத 7018 ராடில் பற்றவைத்ததை அடித்தாலும் உடையாது. வளைந்தால் வழியில் உள்ள எந்த ஊர் வெல்டிங் கடையிலும் நிமிர்த்திக்கொள்ளலாம். வார்த்த அலுமினியப் பாகம் வத்தலகுண்டில் உடைந்தால் அங்கே யாரும் ஒட்டித் தர மாட்டார்கள். மலையில் ஓடுகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துச் சரிசெய்துகொள்வது நிலவிலும் நடந்திருக்கிறது. 1972 டிசம்பரில் அங்கே அப்பல்லோ 17 வண்டியின் பின் மட்கார்டு உடைந்து மண் தலைமேல் வாரி இறைத்தபோது, விண்வெளி வீரர் யூஜின் செர்னனும் தோழரும் நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டி, விளக்குக் கிளிப்புகளால் கவ்வவைத்து, ஒரு மட்கார்டு செய்துகொண்டார்கள். அது வேலை செய்தது.

எதிர்த் தரப்பு இந்த இடத்தில் எழுந்து நிற்கும்: கண்ட பட்டறையில் செய்தால் ஆள் சாவான். உண்மை, ஆனால் எல்லாப் பாகத்துக்கும் அல்ல. ஸ்டியரிங் கம்பியை வெட்டி நீட்டிப் பற்றவைப்பவர் கொலைகாரர். அடித்து உருவாக்கிய எஃகில் வெல்டிங்கின் சூடு பட்ட விளிம்பு நொறுங்கும் தன்மை பெறும். அது முன்னறிவிப்பில்லாமல் விட்டுப்போகும். லீஃப் ஸ்பிரிங் பட்டைக் கட்டின் எஃகு சூடாக்கி, தணித்து, பதப்படுத்தியது. அதில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்தில் பதம் போய்விடும். பிரேக் குழாய், சீட் பெல்ட் பிடிப்பு, வீல் ஸ்பேசர் எதையும் லேத்துக்காரரிடம் கேட்கக் கூடாது. புதைந்த வண்டியை இழுக்கும் கொக்கியும் அப்படியே. சேஸிஸில் சரியான தரமுள்ள போல்ட்டுகளால் பிடித்த, தாங்கும் எடை பொறித்த கொக்கியும் ஷாக்கிளும் மட்டுமே கயிற்றைத் தொடலாம். டிரெய்லர் உருண்டையில் இழுவைப் பட்டையை மாட்டி இழுத்து, அது தெறித்துப் பாய்ந்து ஆட்கள் இறந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அந்த உருண்டை பட்டறையில் செய்ததல்ல, கம்பெனி உருண்டைதான்.

அதாவது கோடு ‘வாங்கியது’ என்பதற்கும் ‘செய்தது’ என்பதற்கும் நடுவே இல்லை. உடைந்தால் வண்டி நிற்கும் பாகம், உடைந்தால் ஆள் போகும் பாகம்: கோடு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. முதல் வகையைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். இரண்டாம் வகையைச் செய்யவும் கூடாது, தெரியாமல் வாங்கவும் கூடாது. பெட்டியில் வரும் லிஃப்ட் கிட் இரண்டாம் வகைதான். பட்டைக் கட்டைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினால் முன்னச்சின் சாய்கோணம் மாறும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறையும். புரொப்பெல்லர் தண்டின் கோணம் கூடிக் கிராஸ் தேயும். கூடுதல் பட்டை சொருகித் தூக்கினாலோ சுமை தாங்கும், ஆனால் ஸ்பிரிங் விறைத்துப்போய்ச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மறுக்கும். காட்டுப் பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் பிடிப்பு எங்கிருந்து வரும்? ஆயிரக்கணக்கில் விற்கும் இந்தக் கிட்டைப் பாதுகாப்பானது என்றும், பக்கத்துத் தெரு வெல்டர் செய்த ஸ்கிட் பிளேட்டை ஆபத்து என்றும் சொல்கிறவர்கள் எதை அளக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சட்டமும் பிராண்ட் பார்ப்பதில்லை. முன் பம்பருக்கு மேல் மாட்டும் கிராஷ் கார்டுகளின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. இடியைச் சிதறவிட வேண்டிய முன்பகுதி விறைத்துவிடுகிறது, மோதும் பாதசாரிக்கு இரும்பு கிடைக்கிறது, ஏர் பேக்கின் உணர்விகளும் குழம்பலாம். கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்றது. அலங்காரக் கடையின் முகப்பில் நிற்கும் பொருள்களில் எத்தனை இந்தச் சல்லடையில் தேறும் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் கேட்பார். வண்டியின் அடியில், உடலுக்கு வெளியே நீட்டாமல், போல்ட்டில் நிற்கும் தகட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும். 35 அங்குல டயருக்காக வெட்டிய வீல் ஆர்ச்சை ஒட்டவைக்க முடியாது.

புதிதாக வண்டி வாங்கி மலையேற ஆசைப்படுகிறவர் முதலில் வாங்க வேண்டியவை ஒரு நல்ல காற்று கேஜும், பேட்டரியில் ஓடும் ஒரு கம்பிரசரும். கம்பெனி டயரிலேயே 22க்கு இறக்கிக் கல்பாதையில் ஓட்டிப் பார்க்கலாம், மணலில் 18, இன்னும் மோசமென்றால் 15. அதற்குக் கீழே ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். ட்யூப் போட்ட பழைய ஜீப்பிலோ டயர் ரிம்மின் மேல் நழுவி வால்வைப் பிய்த்துக்கொண்டு போகும், ஆகவே அவர்கள் இன்னும் சீக்கிரமே நிறுத்திக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையைத் தொட்டதும் மறுபடி நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். கேஜும் கம்பிரசரும் சேர்ந்தால்கூட ஒரு 33 அங்குல மட் டயரின் விலையில் பாதி ஆகாது. பெரும்பாலான கடைகளில் அவை கண்ணாடி அலமாரியில் இருக்காது. கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள்.